கழுதைப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம்

எங்கள் வீட்டுக் கழுதைப் புத்தகத்தில் கழுதை சாகாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு வரும் எந்தக் குழந்தையிடமும் அந்தப் புத்தகத்தைக் காட்டும்போது என் மகள் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வாள். கழுதை செத்துவிடுமோ என்று பயந்துகொண்டே கேட்டால் கதையில் பாதி காதில் ஏறாது என்பது அவள் கட்சி. முதல் தடவை கேட்டபோது அவள் அப்படித்தான் பயந்து நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள்.

புத்தகத்துக்கு ஒழுங்கான பெயர் ஒன்று இருந்திருக்கும். அட்டையும் முன்பக்கங்களும் எப்போதோ போய்விட்டதால் அது எங்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் பத்தாவது படித்த காலத்தில், திருச்செங்கோட்டில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்ததைப் பொறுக்கி வந்தது. யாரோ எந்த மொழியிலிருந்தோ தமிழுக்குக் கொண்டுவந்த கதை. பனி கொட்டும் ஊர். மலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குத் தபால் சுமந்துபோகும் ஒரு அப்பா. அவருக்கு வாய்நீளமான மனைவி, ஒரு பெண், ஒரு பையன், ஒரு நொண்டிக் கழுதை. குளிர்காலத் தொடக்கத்தில் தபால் மூட்டையோடு போன அப்பா திரும்பி வருவதில்லை. மலைப்பாதை பனியில் மூடிவிடுகிறது. ஆள் செத்திருப்பார் என்று ஊரே முடிவுகட்டிவிடுகிறது. பிள்ளைகள் இரண்டும் நொண்டிக் கழுதையை ஓட்டிக்கொண்டு விறகு சுமந்து விற்று அந்தக் குளிர்காலத்தைத் தள்ளுகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் பனி உருகுகிறது. தாடியும் கந்தலுமாக அப்பா வந்து கதவைத் தட்டுகிறார். வீட்டு ஆட்களுக்கே அவரைத் தெரியவில்லை. கழுதைதான் முதலில் அடையாளம் கண்டு கத்துகிறது. அந்த இடத்துக்காகத்தான் எங்கள் வீட்டில் அது கழுதைப் புத்தகம்.

எனக்கு அந்தப் புத்தகத்தைக் கண்டாலே ஆகாது. நான் மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் பக்கத்தில் பிள்ளை நடக்கப் பழகும்போதே மார்க்குக்கும் பழக்கிவிடுவோம். வாய்ப்பாடு சொல்ல வேண்டிய நேரத்தில் அப்பாவும் மகளும் கழுதை மாதிரிக் கத்திக்கொண்டிருந்தால் எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? “பரீட்சையில கழுதையப் பத்தி ஒரு கேள்வியும் வராதுங்க” என்று அடுப்படியிலிருந்து கத்துவேன். “கதையில வர்ற அம்மா பேசுது, கேட்டுக்க அம்மணி” என்று மகளிடம் சொல்வார் அவர். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அவர் ரிக் வண்டியில் டிரில்லர். பாறையைத் துளைத்துத் தண்ணீருக்குப் போர் போடும் வண்டி. வருஷத்தில் பெரும்பகுதி மத்தியப்பிரதேசம், சத்தீஸ்கர் என்று எங்காவது கிடப்பார். அங்கே மழை பிடித்துக்கொண்டால் வேலை நடக்காது. ஆடி பிறந்ததும் எங்கள் பக்கத்து வண்டிகள் ஒவ்வொன்றாக ஊர் திரும்பி ரோட்டோரம் வரிசைகட்டி நிற்கும். ஆயுத பூஜை முடிந்தால் மறுபடியும் கிளம்பிவிடும். எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் அப்பா இருக்கும் காலம் என்றால் அந்த மழைக்காலம்தான். ஆகவே தூரதேசம் போன அப்பாவுக்காகப் பிள்ளைகள் காத்திருக்கும் கதையை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பனியைத்தான் விளக்க வேண்டியிருந்தது. வண்டியை விட்டு இறங்கியதும் தலைத்துண்டை அவிழ்த்து மகளிடம் உதறிக் காட்டி, “இதுதான் அம்மணி பனி” என்றார். துண்டிலிருந்து பாறை மாவு வெள்ளையாகக் கொட்டியது. அவள் கைதட்டினாள். பெருக்க வேண்டியவள் நான் என்பதால் நான் தட்டவில்லை.

பொழுதோடு, விளக்கு வைக்கும் நேரத்தில், முன்வாசல் சிமெண்டுத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து படிப்பார். புத்தகத்தில் இருப்பது பழைய காலத்து விறைப்பான தமிழ். ‘தந்தையே, தாங்கள் எப்போது திரும்புவீர்கள்?’ என்று அச்சிட்டிருக்கும். அவர் வாயில் அது, “ஏனுங்ப்பா, எப்பத்தான் ஊட்டுக்கு வாரீங்க?” என்று வரும். பனிநாட்டுத் தபால் அதிகாரி முதல் விறகு வாங்கும் கிழவி வரைக்கும் அத்தனை பேரும் கொங்குத் தமிழில்தான் பேசினார்கள். கழுதை கத்தும்போது தெருநாய்கள் பதில் கொடுக்கும். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரம்மா, “என்னுங்க டீச்சர், கழுத கிழுத வாங்கியிருக்கீங்களா?” என்று கேட்டே விட்டார். மானம் போயிற்று எனக்கு.

பேச்சை எப்படி மாற்றினாலும் மகள் விட்டுவிடுவாள். வரியை விட்டால் மட்டும் விடமாட்டாள். எழுத்துக்கூட்டத் தெரிந்த நாளிலிருந்து அவர் படிக்கப் படிக்க வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே வருவாள்.

“அப்பா, ஒரு வரி உட்டுட்டீங்க.”

“உடலே அம்மணி. முழுங்கிட்டேன்.”

“முழுங்காதீங்க. மறுக்காப் படிங்க.”

மறுக்காப் படிப்பார். வேண்டுமென்றே இன்னொரு வரியை விழுங்கி அவளை வம்புக்கு இழுப்பார். இந்த ஓரியாட்டச் சண்டையில் ஒரு அத்தியாயம் முடிவதற்குள் என் குழம்பு ஆறிவிடும். ஆனால் கதவு தட்டப்படும் இடம் வரும்போது மட்டும் நானும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் தரையில் விரல்முட்டியால் தட்டுவார். எனக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கும். அதை நான் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் வருஷம் பூராவும் கிண்டல் செய்வார்.

இருமல் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ரிக்கில் போகிற எல்லோரும்தான் இருமுகிறார்கள். அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை உண்டு. போர் போட்டு முடிந்ததும் வாழைப்பழமும் வெல்லமும் தின்றுவிட்டால் தூசி நெஞ்சில் தங்காதாம். வயிற்றில் இறங்கி வெளியே போய்விடுமாம். வேலைக்குச் சேர்ந்த அன்றே மூத்தவர்கள் கையில் பழத்தைக் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் இருக்கும்போதும் அவருக்கு அது தவறக்கூடாது. மூச்சு போகிற வழி வேறு, சோறு போகிற வழி வேறு என்று சின்ன வகுப்புப் பாடத்திலேயே படம் போட்டு இருக்கிறது. எங்கள் பள்ளியில் பாதி டீச்சர்களுக்கு வீட்டுக்காரர் ரிக்கில்தான். அந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டு, சாயங்காலம் சீப்புச் சீப்பாகப் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் நாங்கள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை, சந்தேகமும் வரவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. சளியில் கிருமி இல்லை என்று வந்தும் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். மூத்திரம் சிவக்கச் சிவக்க மாத்திரை சாப்பிட்டு முடித்தார். இளைப்பு போகவில்லை. கடைசியில் சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் போனோம். அவர் எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன்னால், “என்ன வேலை பார்த்தீங்க?” என்று கேட்டார். அதுவரை அதை யாருமே கேட்டதில்லை. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகிவிட்டது, போனது போனதுதான், மிச்சம் இருப்பதைக் கொண்டு எவ்வளவு நாள் ஓட்ட முடியுமோ பார்ப்போம் என்றார். நல்ல மனுஷன், சுற்றிவளைக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஆட்டையாம்பட்டி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

“அப்ப தின்ன பழமெல்லாம் வீணாங்க டீச்சரம்மா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். கண்டக்டர் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

அப்போது மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்கு வெகுநாள் கழித்துப் பிறந்த பையன் ஒன்றாம் வகுப்பு. மகள் கழுதைப் புத்தகத்தைப் பல மழைக்காலங்களில் திரும்பத் திரும்பக் கேட்டாகிவிட்டது. பையன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவன் கொஞ்சம் வளரட்டும், விவரம் தெரியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தார். பிறகு இருமல் வந்தது, மாத்திரை வந்தது. இப்போது ஆக்சிஜன் மெஷின் வந்து கட்டில் பக்கத்தில் உறுமிக்கொண்டு நின்றது. மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு ஒருநாள் என்னிடம், “அந்தப் புத்தகத்த எடுங்க. சின்னவனுக்குப் படிக்கோணும்” என்றார்.

நான் கத்தினேன். பேசவே மூச்சில்லாதவருக்குப் படிப்பு எதற்கு? மகள், “நான் படிக்கிறனுங்ப்பா, நீங்க கேளுங்க” என்று சொல்லிப் பார்த்தாள். “உனக்கு நான் படிச்சேன். அவனுக்கும் நானே படிக்கோணும். இல்லாட்டி ஓரவஞ்சனையாப் போயிரும்” என்றார்.

“மூச்ச மிச்சம் புடிங்கன்னு டாக்டர் சொன்னாருல்ல?” என்றேன்.

“மிச்சம் புடிச்சு என்னங்க பண்றது?”

  புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய காரியம் எதுவுமில்லை. பையன் அந்தக் கதையை அப்பா வாயால் கடைசி வரைக்கும் கேட்டுவிட வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் இரண்டு பிள்ளைகளும் கை கால் கழுவிக்கொண்டு கட்டிலில் ஏறிவிடுவார்கள். பையன் அப்பாவின் தொடையில், மகள் பக்கத்தில், விரல் வரிக்குக் கீழே. அவர் நாலு வார்த்தை படிப்பார், நிறுத்துவார். மெஷின் சத்தம் மட்டும் கேட்கும். மறுபடி நாலு வார்த்தை. கழுதை கத்தும் இடம் வந்தால் கண்ணால் மகளைக் காட்டுவார்; அவள் கத்துவாள். பையனுக்கு இதெல்லாம் விளையாட்டாக இருந்தது. கதை என்றால் இப்படி நிறுத்தி நிறுத்தித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ.

அவர் வரிகளை விட்டுவிட்டுப் படிக்கிறார் என்பது எனக்கு முதலில் தெரியவில்லை. ஒருநாள் மாத்திரை கொடுக்கப் போனபோது மகளின் விரலைப் பார்த்தேன். அது ஒரு வரிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. அவர் குரல் அதற்கு இரண்டு பத்தி தாண்டி எங்கேயோ போய்விட்டது. விரல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு சத்தமில்லாமல் கீழே இறங்கி, அவர் படித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரு வரிக்கே ஓரியாட்டம் போட்டவள்! எக்ஸ்ரேயைப் பார்த்தும் டாக்டர் சொல்லியும் எனக்கு ஏறாத விஷயம் அப்போது ஏறிவிட்டது. இவர் பிழைக்கமாட்டார், அது இந்தப் பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து புத்தகத்தைக் குறைத்தார்கள். பேசிவைத்துக்கொண்டு செய்ததில்லை. அவர் ஒரு பக்கத்தின் முதல் வரியைப் படிப்பார், கடைசி வரியைப் படிப்பார். நடுவில் போனதை மகள், “ஆமா தம்பி, அந்தக் கெழவி கொஞ்சமாத்தான் காசு குடுத்தா” என்று தன்போக்கில் சொல்வது மாதிரி ஒட்டுப்போட்டுவிடுவாள். விறகுச் சந்தை அத்தியாயம் பாதியாகிவிட்டது. ஓநாய் வரும் அத்தியாயமே இல்லாமல் போய்விட்டது. பையனுக்கு ஓநாய் போனது என்றைக்கும் தெரியாதிருந்தால் நல்லது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

தை முடிகிற சமயத்தில் கடைசி அத்தியாயத்துக்கு வந்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் காபி ஆற்றிக்கொண்டு வந்து, வழக்கம்போல நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பக்கத்தை வெறுமனே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கத்தான் நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்தோம்.

“பனி உருகிருச்சு” என்று ஆரம்பித்தார். “பாத தொறந்துருச்சு. மலைக்கு அந்தப்பக்கத்து ஆளுகெல்லாம் வந்தாங்க.” நிறுத்தினார். “அப்பா வரலே.”

மகள் தலையைத் தூக்கினாள்.

“அப்பா வரமாட்டாருன்னு பிள்ளைகளுக்குத் தெரிஞ்சு போச்சு” என்றார்.

“அப்படிப் போடலீங்ப்பா!” என்று கத்தினாள் அவள். “வந்துர்றாருங்! கதவத் தட்டறாருங்! கழுத கத்துதுங்! இங்க பாருங்க!” அவ்வளவு நாளும் வாய் திறக்காதவள், புத்தகத்தை அவர் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தாள். அவர் உள்ளங்கையை விரித்துப் பக்கத்தின்மேல் வைத்து மூடிக்கொண்டார்.

“இந்தத் தடவ வரலே அம்மணி.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எத்தனை வருஷமாக அந்தக் கதவு தட்டப்படுவதற்காக நான் அடுப்பை அணைத்திருக்கிறேன். அதை எடுத்துவிட இவர் யார்? காபியை அப்படியே அவர் முகத்தில் ஊற்றிவிடலாம் போல இருந்தது. மகள் இறங்கிப் பின்பக்கம் ஓடினாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

பையன் மட்டும் நிதானமாக இருந்தான். அவனுக்கு வேறு முடிவு எதுவும் தெரியாதே. “அப்புறம் கழுத?” என்று கேட்டான்.

“கழுத நல்லாருக்குது சாமி. அக்காளும் நல்லாருக்குறா. அவங்கம்மா எப்பயும் போல வைஞ்சுட்டுத்தான் இருக்குது.” என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. இருமி முடிந்ததும், “அப்பா வாராரா வாராரான்னு வாசலப் பாத்துட்டே உக்காந்திருந்தா ஆகுமா? பையன் எந்திரிச்சுப் பள்ளிக்கூடம் போயிட்டான்” என்று முடித்தார்.

மகள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். கட்டிலில் ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவர் கையை மெதுவாகப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, எப்போதும் போல வரிக்குக் கீழே விரலை வைத்தாள். “இன்னும் கொஞ்சம் இருக்குதுங்ப்பா, நான் படிச்சர்றேன்” என்று சொல்லிவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினாள். “அந்தப் பையன் நல்லாப் படிச்சான். அக்காளும் தம்பியும் ஓரியாட்டம் போடாம இருந்தாங்க. தெனமும் கழுதைக்குப் புல்லு போட்டாங்க. அவ்வளவுதான், முடிஞ்சுது” என்று படித்தாள். அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வரியும் கிடையாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அவள் தலையில் கையை வைத்திருந்தார்.

பங்குனியில் அவர் போய்விட்டார். மாமன் தூக்கி வைத்துக்கொள்ள, சடங்கெல்லாம் பையன் கையால்தான் நடந்தது. அவன் அழவில்லை. சொன்னதைச் செய்தான். பள்ளிக்கு ஒழுங்காகப் போனான். பரவாயில்லை, அவர் அப்படிச் சொல்லிவைத்ததில் ஒரு அர்த்தம் இருக்கிறது, பிள்ளை தயாராகிவிட்டான் என்று புதுச்சத்திரத்தில் இருக்கும் என் அக்காளிடம் சொல்லி ஆறுதல்பட்டுக்கொண்டேன். எனக்குத்தான் வெசனம் தாங்கவில்லை. அந்தப் புத்தகத்தைப் பீரோவுக்கு மேலே தூக்கிப் போட்டேன்.

அதை எப்படி எடுத்தான் என்று தெரியவில்லை. இப்போது மூன்றாம் வகுப்பு. நாற்காலி போட்டு ஏறியிருப்பான். போன ஆவணியில் ஒருநாள் நான் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது புத்தகத்தைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தான்.

“அம்மா, வந்துட்டாருங்.”

“ஆருடா?”

“கழுதப் புத்தகத்து அப்பா. கதவத் தட்டறாரு. கழுத கத்துது. எல்லாம் போட்டிருக்குது. அப்பா தப்பாப் படிச்சுட்டாருங்.”

உள்ளே பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்தாள். “புத்தகத்துலதான் தப்பு. அப்பா படிச்சதுதான் சரி” என்றாள். 

அவன் நம்பவில்லை. என்னிடம் திரும்பினான். “நீங்க டீச்சர்தானுங்? எது சரின்னு சொல்லுங்க.”

கிரைண்டரை நிறுத்தினேன். கையில் மாவு. இனியும் இந்தப் பிள்ளையை ஏமாற்றக்கூடாது என்று பட்டது.

“புத்தகத்துல இருக்கறதுதான் சாமி சரி. அந்த அப்பா வந்துட்டாரு. உங்கப்பா வேணும்னுதான் மாத்திப் படிச்சாரு.”

“எதுக்குங்?”

“நீ வாசலப் பாத்துட்டே உக்காந்திருப்பியேன்னு.”

அவன் புத்தகத்தை மூடினான். கோபமாக இருப்பதுபோலத் தெரியவில்லை.

“அப்படிப் படிச்சும் நான் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன்” என்றான். “போன மழைக்கும் பாத்தேன், இந்த மழைக்கும் பாத்தேன். ரிக் வண்டியெல்லாம் வந்துருச்சுங்கம்மா. ஒவ்வொரு வண்டியிலயும் ஏறி, உள்ளுக்குள்ள பாத்தேன்.”